டன்னுக்கு 1,510 டாலர்: நாஃபெட் – அலிமென்டா நிலக்கடலை வழக்கு

1980 ஜனவரி 12 அன்று டெல்லியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. விற்பவர் நாஃபெட், அதாவது தேசிய வேளாண் கூட்டுறவு விற்பனை இணையம். வாங்குபவர் சுவிட்சர்லாந்தின் அலிமென்டா எஸ்.ஏ. சரக்கு, 5,000 மெட்ரிக் டன் இந்திய நிலக்கடலைப் பருப்பு. ஏற்றுமதி வட்டாரத்தில் 'ஹெச்.பி.எஸ்.' என்பார்கள். கையால் பொறுக்கி, அளவு பார்த்துப் பிரித்த முதல் தரப் பருப்பு அது. எண்ணெய் ஆட்டுவதற்கானது இல்லை, தின்பண்டத்துக்குப் போவது.

அந்த 5,000 டன்னில் 1,900 டன் கப்பலேறியது. மீதி 3,100 டன் ஏறவில்லை. அது ஏன் ஏறவில்லை, அதற்கு யார் பணம் கொடுக்க வேண்டும் என்ற வழக்கு 2020 ஏப்ரல் 22 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சரக்குப் பேரச் சண்டைகளை நடத்தும் வழக்கறிஞர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். நாஃபெட் ஜெயித்தது. ஜெயித்த காரணம் சரிதானா என்பதில்தான் சிக்கல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருந்த ஏற்றுமதி அனுமதியை அரசு பறித்துக்கொள்வது ஒரு நிலைமை. கையில் இல்லாத அனுமதியை வாங்கிவிடலாம் என்று எண்ணிச் சரக்கு அனுப்ப வாக்குக் கொடுப்பது வேறொரு நிலைமை. சரக்கு வணிகச் சட்டம் இந்த இரண்டையும் வெகு காலமாகத் தனித்தனியாகவே பார்த்து வந்திருக்கிறது. 2020 தீர்ப்பில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

1980-இல் நடந்தது

அந்தக் காலத்தில் ஹெச்.பி.எஸ். நிலக்கடலையை நினைத்தவரெல்லாம் ஏற்றுமதி செய்துவிட முடியாது. அரசு நியமித்த அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். 'கேனலைசிங் ஏஜென்சி' என்பது அதற்குப் பெயர். நிலக்கடலைக்கு அந்த அமைப்பு நாஃபெட். ஆனால் நாஃபெட்டும் தன் இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது, அரசின் அனுமதி வேண்டும். 1977-78, 1978-79, 1979-80 ஆகிய மூன்று பருவங்களுக்கு அந்த அனுமதி இருந்தது. ஒரு பருவத்தில் அனுப்பாமல் விட்ட அளவை அடுத்த பருவத்துக்கு எடுத்துச் செல்வதற்கு அனுமதி இல்லை. இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கு முழுவதும் இதைச் சுற்றித்தான் போகிறது.

ஒப்பந்தம் 1979-80 பருவத்துக்கானது. சௌராஷ்டிரப் பகுதியில் புயல் முதலான காரணங்களால் பயிர் சேதமானது. 1,900 டன் போனது. மீதிக்கு இரு தரப்பும் 1980 ஆகஸ்டில் உட்கார்ந்து பேசி ஒப்பந்தத்தில் ஓர் இணைப்பு எழுதிக்கொண்டார்கள்: பாக்கி 3,100 டன் 1980-81 பருவத்தில் அனுப்பப்படும். கையெழுத்துப் போட்டது நாஃபெட். அடுத்த பருவத்துக்கு எடுத்துச் செல்லும் அனுமதி அப்போது அதன் கையில் இல்லை. பிறகு அரசிடம் கேட்டது, அரசு மறுத்தது. சரக்கு நின்றுபோனது.

ஒரு சரக்கு வழக்கறிஞரிடம் இப்படி ஒரு கோப்பு வந்தால் அவர் முதலில் தேடுவது நியாயத்தை அல்ல, தேதிகளை. கப்பலேற்றக் காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? தடை எந்தத் தேதியில் வந்தது? விற்பவர் அதை வாங்குபவருக்கு எப்போது அறிவித்தார்? டெலக்ஸ் எத்தனை மணிக்குப் போனது? இந்த வழக்கில் அந்த வரிசையில் முதலில் வர வேண்டிய கேள்வி வேறு. இணைப்பில் கையெழுத்திட்ட அன்று அனுமதி இருந்ததா? இல்லை என்றால், 'அரசு அனுமதிக்கு உட்பட்டு' என்ற வாசகமாவது அதில் எழுதப்பட்டதா?

விலை எங்கே போனது

1981 பிப்ரவரியில் அலிமென்டா நடுவர் விசாரணையைத் தொடங்கியது. லண்டனில் ஃபோஸ்ஃபா என்று ஓர் அமைப்பு உண்டு: எண்ணெய், எண்ணெய் வித்து, கொழுப்பு வணிகச் சங்கங்களின் கூட்டமைப்பு. தானியத்துக்கும் தீவனத்துக்கும் லண்டனின் காஃப்டா என்ற வணிகச் சங்கம் எப்படியோ, நிலக்கடலை, பாமாயில், சோயா போன்றவற்றுக்கு ஃபோஸ்ஃபா அப்படி. இரண்டுமே மாதிரி ஒப்பந்தப் படிவங்களை வெளியிடுகின்றன. இரண்டுமே தங்கள் விதிப்படி நடுவர் விசாரணையை நடத்தித் தருகின்றன. நடுவர்கள் பெரும்பாலும் அந்த வணிகத்திலேயே இருந்தவர்கள். கடலையின் ஈரப்பதம் பற்றி வாதிட்டால் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1989 நவம்பர் 15 அன்று வந்த நடுவர் தீர்ப்பு, நாஃபெட் 46,81,000 அமெரிக்க டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. 1981 பிப்ரவரி 13 முதல் 10.5 சதவீத வட்டியும் சேர்த்து. மேல்முறையீட்டு வாரியம் 1990 செப்டம்பர் 14 அன்று அதை உறுதி செய்ததோடு வட்டியை 11.25 சதவீதமாக உயர்த்தியது.

அந்தத் தொகையை 3,100 டன்னால் வகுத்துப் பாருங்கள். டன்னுக்குச் சரியாக 1,510 டாலர் வருகிறது. மிச்சம் மீதி இல்லை. சரக்கு அனுப்பாமல் விட்டால் இழப்பீடு என்பது ஒப்பந்த விலைக்கும், மீறல் நடந்த நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். அதாவது அலிமென்டா அதே கடலையை வெளியில் வாங்கப் போனால் டன்னுக்கு 1,510 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கு.

இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வரும்? 1980 கோடையில் அமெரிக்காவின் தென் மாநிலங்களைக் கடும் வெப்பமும் வறட்சியும் தாக்கின. அந்த ஆண்டு அமெரிக்க நிலக்கடலை விளைச்சல் மிக மோசமாகச் சரிந்தது. தின்பண்டக் கடலைச் சந்தையில் அமெரிக்கா பெரிய ஏற்றுமதி நாடு. அங்கே பயிர் போனால் ஐரோப்பாவில் கடலை வாங்குபவர்கள் எங்கே கிடைக்கும் என்று தேடி ஓடுவார்கள். ஜனவரியில் பழைய விலைக்குப் பேசி வைத்த இந்தியக் கடலை, ஆண்டு முடிவதற்குள் பல மடங்கு மதிப்பு பெற்றுவிட்டது.

இதைச் சொல்லும்போது ஒரு சந்தேகம் தானாக எழும். விலை ஏறியதால்தான் பழைய விலைக்கு அனுப்ப மனம் வரவில்லையோ? உள்நாட்டில் எண்ணெய் வித்துக்குத் தட்டுப்பாடு இருந்த நாடு, முந்தைய பருவத்து விலையில் பாக்கியை அனுப்ப விடாமல் தடுப்பதில் அரசுக்குத் தன் காரணங்கள் இருந்திருக்கலாம். அரசைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. ஏற்றுமதியைத் திறப்பதும் மூடுவதும் அரசின் வேலை. அந்த முடிவின் செலவு விற்பவர் தலையிலா, வாங்குபவர் தலையிலா என்பதே ஒப்பந்தச் சட்டத்தின் கேள்வி.

நடுவில் ஒரு சின்ன வழக்கு

நடுவர் விசாரணை தொடங்கியதற்கும் தீர்ப்பு வந்ததற்கும் இடையில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களுக்குள் நடுவர் ஒப்பந்தமே இல்லை என்று நாஃபெட் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அது 1987-இல் உச்ச நீதிமன்றம் வரை வந்தது. அந்தத் தீர்ப்பைப் பலர் படிப்பதில்லை. எனக்கு 2020 தீர்ப்பைவிட இதுதான் பிடிக்கும்.

இதே இரு தரப்புக்கும் இடையில் இரண்டு ஒப்பந்தங்கள் இருந்தன. முதலாவது, மேலே சொன்ன ஜனவரி ஒப்பந்தம். இரண்டாவது 1980 ஏப்ரலில், 4,000 டன்னுக்கு. இரண்டிலுமே 'தகராறு வந்தால் நடுவரிடம் போவோம்' என்று நேரடியாக எழுதவில்லை. முதல் ஒப்பந்தம், மற்ற நிபந்தனைகள் ஃபோஸ்ஃபா 20-ஆம் எண் படிவப்படி என்றது. அந்தப் படிவத்தில் நடுவர் ஷரத்து இருக்கிறது. ஆகவே அதுவும் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டது என்றது நீதிமன்றம். இரண்டாவது ஒப்பந்தம், சப்ளை தொடர்பாக இதில் சொல்லாத மற்ற நிபந்தனைகள் முந்தைய ஒப்பந்தப்படி என்றது. சப்ளை தொடர்பான நிபந்தனை என்றால் தரம், மூட்டை, எடை, கப்பல் போன்றவை. தகராறை யார் தீர்ப்பது என்பது சப்ளை நிபந்தனை ஆகாது. ஆகவே அந்த 4,000 டன் ஒப்பந்தத்துக்கு நடுவர் விசாரணையே கிடையாது என்று முடிந்தது.

ஒரே சரக்கு, ஒரே இரு தரப்பு, மூன்று மாத இடைவெளி. ஒன்று லண்டன் போனது, மற்றொன்று போகவில்லை. ஒப்பந்தம் எழுதுகிறவர்களிடம் 'மற்றவை முன்பு போலவே' என்று எழுதாதீர்கள் என்று வழக்கறிஞர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். ஆனால் நள்ளிரவில் டெலக்ஸிலோ, இப்போது வாட்ஸ்அப்பிலோ பேரம் முடிக்கிற வியாபாரி அப்படித்தான் எழுதுவார். எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்.

லண்டன் இதை எப்படிப் பார்க்கும்

ஃபோஸ்ஃபா படிவங்களை ஆள்வது ஆங்கிலச் சட்டம். ஏற்றுமதி உரிமம் கிடைக்காமல் போன வழக்குகள் அந்தச் சட்டத்தில் ஏராளம். நம் நாட்டோடு தொடர்புள்ள ஒன்றும் உண்டு. விடுதலைக் காலத்தையொட்டி கல்கத்தாவிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குச் சணல் அனுப்ப ஒப்பந்தம் போட்ட விற்பனையாளர்களுக்கு இந்திய அரசின் ஏற்றுமதி ஒதுக்கீடு போதுமான அளவு கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தில் 'ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு' என்று எழுதாவிட்டாலும் அப்படி ஒரு நிபந்தனை உள்ளுறையாக இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். பர்தாப்மல் ராமேஷ்வர் – சேத்தியா என்ற அந்த வழக்கில் 1951-இல் பிரபுக்கள் சபை (அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்) மறுத்துவிட்டது. ஒதுக்கீடு வாங்குவது விற்பவர் பாடு. வாங்க முடியாது என்ற அபாயம் தெரிந்திருந்தால் அதை எழுதியிருக்க வேண்டும்.

1957-இல் இன்னொரு வழக்கு, ஃபின்லாந்திலிருந்து எறும்பு முட்டை ஏற்றுமதி. (மீனுக்கும் பறவைக்கும் தீவனம். சரக்கு வணிகத்தில் எதற்கும் சந்தை உண்டு.) உரிமம் கிடைத்த உடனே அனுப்புவோம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. உரிமம் கிடைக்கவில்லை. விற்பவர் பொறுப்பு என்றார் நீதிபதி டெவ்லின். உரிமம் கிடைத்துவிடும் என்ற தொனியில் எழுதிவிட்டு, கிடைக்கவில்லை என்றதும் கையை விரிக்க முடியாது என்பதே அதன் சாரம்.

மறுபக்கத்திலும் வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இராது. 1974-இல் போலந்தின் அரசு வணிக நிறுவனமான ரோலிம்பெக்ஸ் வெளிநாட்டு வியாபாரிகளுக்குச் சர்க்கரை விற்றிருந்தது. மழையால் பீட்ரூட் பயிர் கெட்டது. உள்நாட்டுக்கே போதாது என்று போலந்து அரசு நவம்பரில் சர்க்கரை ஏற்றுமதியைத் தடை செய்து, ஏற்கெனவே கொடுத்திருந்த உரிமங்களையும் ரத்து செய்தது. வாங்கிய சார்னிகோவ் நிறுவனம், 'நீயும் அரசு, தடை போட்டதும் அரசு, உன் தடையைக் காட்டி நீயே தப்பிக்கிறாயா?' என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் 1978-இல் பிரபுக்கள் சபை ரோலிம்பெக்ஸ் பக்கம் நின்றது. அது அரசின் துறை இல்லை, தனிச் சட்ட ஆளுமை உள்ள அமைப்பு. உரிமம் வாங்க வேண்டிய கடமையை அது நிறைவேற்றிவிட்டது. வாங்கிய உரிமம் பிறகு பறிபோகாமல் காக்கும் கடமை அதற்கு இல்லை.

நாஃபெட்டுக்கு ரோலிம்பெக்ஸ் வழக்கில் பாதி சாதகம், பாதி பாதகம். அரசோடு நெருக்கமாக இருப்பதாலேயே தப்பிக்க முடியாது என்ற வாதம் அங்கே விழுந்துவிட்டது, அது சாதகம். ஆனால் ரோலிம்பெக்ஸிடம் உரிமம் இருந்தது. நாஃபெட்டிடம் 1980-81 பருவத்துக்கு எப்போதுமே இருந்ததில்லை. ஆகஸ்டில் கையெழுத்திட்டபோது இருந்த நிலைமைதான் டிசம்பரிலும் இருந்தது. புதிதாக எதுவும் பறிபோகவில்லை.

டெல்லிக்கு வந்த கதை

வெளிநாட்டு நடுவர் தீர்ப்பு கையில் கிடைத்துவிட்டால் பணம் வந்துவிடாது. தோற்றவரின் சொத்து இருக்கும் நாட்டில் போய் அதை நிறைவேற்றக் கேட்க வேண்டும். 1958-இன் நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்து, 1961-இல் அதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. இந்த வழக்குக்குப் பொருந்தியது அந்தப் பழைய சட்டம்தான். அதன் 7-ஆம் பிரிவில், நிறைவேற்றுவது பொதுக்கொள்கைக்கு முரணானால் மறுக்கலாம் என்று இருக்கிறது.

பொதுக்கொள்கை என்ற சொல்லை இழுத்தால் எவ்வளவு தூரமும் வரும். அதனால்தான் ரேணுசாகர் வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வேலி போட்டது: இந்தியச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை, இந்தியாவின் நலன், நீதி அல்லது ஒழுக்கம். இவற்றில் ஒன்றுக்கு முரணானால்தான் மறுக்கலாம். தீர்ப்பு சரியா தவறா என்று மறுபடி விசாரிக்கக் கூடாது.

அலிமென்டாவின் மனுவை டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2000 ஜனவரி 28 அன்று ஏற்று, தீர்ப்பை நிறைவேற்றலாம் என்றார். நாஃபெட்டின் மேல்முறையீடு அனுமதிக்கத் தக்கதல்ல என்று 2010 செப்டம்பர் 6 அன்று தள்ளுபடியானது. அங்கிருந்து உச்ச நீதிமன்றம். அங்கே இன்னும் பத்து ஆண்டுகள். 11.25 சதவீதத்தைத் தனி வட்டியாகக் கணக்கிட்டாலே ஆண்டுக்கு 5,26,000 டாலருக்கு மேல் ஓடும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தத் தாமதம் யாருக்கும் சின்ன விஷயமில்லை.

நாஃபெட் எழுப்பிய ஆட்சேபங்களில் எனக்கு உண்மையாகவே வலுவாகத் தெரிந்த ஒன்று உண்டு. அலிமென்டா நியமித்த நடுவரே, மேல்முறையீட்டு வாரியத்தின் முன் அலிமென்டாவின் பிரதிநிதியாக நின்றார். நாஃபெட் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளக் கேட்டது, கிடைக்கவில்லை. லண்டன் சரக்குச் சங்கங்களில் இது பழைய வழக்கம்: வியாபாரிகளின் தகராறை வியாபாரிகளே தீர்ப்பது, வக்கீல்களைத் தள்ளி வைப்பது, முதல் கட்ட நடுவர் மேல்முறையீட்டில் தன்னை நியமித்தவருக்காகப் பேசுவது. அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு இதில் ஒன்றும் தவறாகத் தெரியாது. டெல்லியிலிருந்து போய் நிற்பவருக்கு, நேற்று நீதிபதியாக இருந்தவர் இன்று எதிர்த்தரப்பு வக்கீலாக எழுந்து நின்றால் எப்படி இருக்கும்? இந்த ஆட்சேபத்தை மையமாக வைத்துத் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தால் உலகம் அதைக் கவனமாகப் படித்திருக்கும். ஆனால் தீர்ப்பு நின்றது வேறு தூண்களின் மேல்.

2020 தீர்ப்பு

நீதிபதிகள் அருண் மிஸ்ரா, எம்.ஆர். ஷா, பி.ஆர். கவாய் ஆகிய மூவர் அமர்வு மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டது. அரசு மறுத்ததால் நாஃபெட்டால் அனுப்ப முடியாமல் போனதா? ஒப்பந்தத்தின் 14-ஆம் ஷரத்தைப் பார்க்கும்போது நாஃபெட் இழப்பீட்டுக்குப் பொறுப்பா? தீர்ப்பை நிறைவேற்றுவது பொதுக்கொள்கைக்கு முரணா?

14-ஆம் ஷரத்து ஏற்றுமதித் தடை பற்றியது. கப்பலேற்றக் காலத்தில் ஏற்றுமதி நாட்டின் அரசு தடையோ கட்டுப்பாடோ கொண்டுவந்தால் அது ஒப்பந்தத்துக்கும் பொருந்தும். அந்த அளவுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படும். தடை தொடர்ந்தால் நிறைவேறாத பகுதி ரத்தாகும். நீதிமன்றம் இதை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின் கீழ், நிகழலாம் நிகழாமலும் போகலாம் என்ற ஒன்றைச் சார்ந்த ஒப்பந்தமாக வைத்தது. அரசு அனுமதி வரவில்லை, எனவே ஒப்பந்தம் செல்லாமல் போயிற்று. அனுமதி இல்லாமல் அனுப்பியிருந்தால் அது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஆணையை மீறியதாகும். சட்டத்தை மீறாததற்காக ஒருவரைத் தண்டிக்கும் தீர்ப்பை நிறைவேற்றுவது இந்தியச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைக்கு முரண். இதுதான் தீர்ப்பின் ஓட்டம்.

வாசிக்கும்போது சரி என்றே தோன்றும். எந்த இடத்தில் நெருடுகிறது என்றால், அனுப்பியிருந்தால் சட்டமீறல் என்பதற்கும், அனுப்பாததற்குப் பணம் கொடு என்பதற்கும் நடுவில். கடலையை அனுப்பச் சொல்லி நடுவர்கள் உத்தரவிடவில்லை. வாக்குக் கொடுத்ததற்கு ஈடாகப் பணம் கட்டச் சொன்னார்கள். பணம் கட்டுவதை எந்த ஏற்றுமதி ஆணையும் தடுக்கவில்லை. உரிமம் வாங்கித் தருகிறேன் என்று பொறுப்பேற்றவர், வாங்க முடியாதபோது இழப்பை ஏற்பது உலகெங்கும் நடக்கிற ஒன்று. அதனால் எந்த நாட்டின் ஏற்றுமதிச் சட்டமும் குலைந்துவிடவில்லை.

அடுத்தது ஷரத்தின் பொருள். 'கப்பலேற்றக் காலத்தில் தடை வந்தால்' என்ற சொற்கள் ஒப்பந்தம் போட்ட பிறகு நேரும் ஒன்றைச் சொல்கின்றனவா, முதலிலிருந்தே அனுமதி இல்லாத நிலைமையையும் சேர்க்கின்றனவா? இரண்டு விதமாகவும் வாதிட இடமுண்டு. ஆனால் அது ஒப்பந்த வாசகத்துக்குப் பொருள் காணும் வேலை, லண்டன் நடுவர்களிடம் விடப்பட்ட வேலை. அவர்கள் தவறாகவே பொருள் கண்டிருந்தாலும், அதைத் திருத்துவது நிறைவேற்றும் நீதிமன்றத்தின் வேலை இல்லை என்பதுதான் ரேணுசாகர் போட்ட வேலி.

இந்தியச் சட்டத்தை வைத்தே பார்த்தாலும் 56-ஆம் பிரிவின் கடைசிப் பத்தி இருக்கிறது. செய்ய முடியாது அல்லது சட்டவிரோதம் என்று வாக்குக் கொடுப்பவருக்குத் தெரிந்திருந்து, அல்லது முயன்றால் தெரிந்திருக்கக் கூடியதாக இருந்து, மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால், வாக்குக் கொடுத்தவர் இழப்பை ஈடுசெய்ய வேண்டும். எடுத்துச் செல்லும் அனுமதி இல்லை என்பது அலிமென்டாவுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் நாஃபெட்டின் கை ஓங்கும். தெரியாது என்றால் கதை மாறும். இந்த வழக்கின் உயிர் இந்த ஒரு கேள்வியில் இருந்தது என்று நினைக்கிறேன். 32-ஆம் பிரிவின் வழியாகப் போனதால் அதன் முன் நிற்க வேண்டிய அவசியம் நீதிமன்றத்துக்கு வரவில்லை.

நாஃபெட்டின் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லலாம். இணைப்பு எழுதியது ஒரு நல்லெண்ணச் செயல். ஆகஸ்டில் அது நடக்காமல், 1979-80 பருவம் முடிந்த அன்றே புயலைக் காட்டி ஒப்பந்தத்தை முடித்திருந்தால், பயிர் சேதம் பற்றிய வழக்கு மட்டுமே எஞ்சியிருக்கும், விலையும் அந்த நாளின் விலையாக இருந்திருக்கும். அடுத்த பருவத்துக்குத் தள்ளியதால், அமெரிக்க வறட்சியின் விலையேற்றம் முழுவதும் நாஃபெட்டின் தலையில் இறங்கியது. வாங்குபவரைச் சமாதானப்படுத்தக் கொடுக்கும் கால நீட்டிப்பு விற்பவரின் கழுத்துக்கு வருவதைச் சரக்கு வழக்குகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

ஐந்து டாலர்

இதே வகையான தகராறை லண்டன் நீதிமன்றம் எப்படி முடித்தது என்பதற்கு அண்மை உதாரணம் புங்கே – நிடேரா. 25,000 டன் ரஷ்யக் கோதுமை, கருங்கடல் துறைமுகமான நோவோரோசிஸ்கில் எஃப்.ஓ.பி. (அங்கே கப்பலில் ஏற்றித் தருவது வரை விற்பவர் பொறுப்பு), 2010 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் கப்பலேற்றம். ஆகஸ்ட் 5 அன்று ரஷ்யா, 15-ஆம் தேதி முதல் ஆண்டு முடியும் வரை ஏற்றுமதித் தடை என்று அறிவித்தது. விற்பவர் 9-ஆம் தேதியே ஒப்பந்தம் ரத்து என்று அறிவித்துவிட்டார். தடை நீக்கப்படவும் வாய்ப்பிருந்த நிலையில் அது அவசரம், அதுவே ஒப்பந்த மீறல் என்று முடிவானது. காஃப்டா மேல்முறையீட்டு வாரியம் 30,62,500 டாலர் இழப்பீடு கொடுத்தது. வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-இல் அது கேட்ட கேள்வி எளிமையானது: விற்பவர் அவசரப்படாமல் இருந்திருந்தாலும் அந்தக் கோதுமை கப்பலேறியிருக்குமா? தடை நீடித்தது, ஏறியிருக்காது. அப்படியானால் வாங்குபவர் இழந்தது என்ன? ஒன்றுமில்லை. பெயருக்கு 5 டாலர் கொடுக்கச் சொன்னது.

அங்கே விற்பவர் தவறு செய்தவர் என்பது மாறவில்லை, ஆனால் அரசின் தடையின் பாரம் முழுவதும் இழப்பீட்டுக் கணக்கில் இறங்கியது. இப்படி ஒரு கணக்கு வழி 1980-81 நிலக்கடலைக்கும் பேசப்பட்டிருக்கலாம்: அரசு எப்படியும் விட்டிருக்காது என்றால் அலிமென்டாவுக்கு 3,100 டன் எப்படியும் வந்திருக்காது. ஆனால் அதற்கு 14-ஆம் ஷரத்து இந்த நிலைமைக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாமல், உரிமம் முழுவதும் விற்பவர் பொறுப்பு என்று ஆனால் 1,510 டாலர் அப்படியே நிற்கும். கடைசியில் சுற்றிச் சுற்றி அந்த ஆகஸ்ட் இணைப்புக்கே வந்து சேர்கிறோம்.

இப்போது நிலைமை

1996-இன் நடுவர் சட்டம் பழைய 1961 சட்டத்தை நீக்கிவிட்டது. 2015 திருத்தம், வெளிநாட்டுத் தீர்ப்புகளை நிறைவேற்றுவது பற்றிய 48-ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்து, அடிப்படைக் கொள்கைக்கு முரணா என்று பார்ப்பது வழக்கின் தகுதியை மறுபடி விசாரிப்பதாக ஆகக் கூடாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டது. 2013-இல் ஸ்ரீ லால் மஹால் வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்தியாவிலிருந்து இத்தாலிக்குப் போன கோதுமை தொடர்பான காஃப்டா தீர்ப்பை ஏற்று, தர ஆய்வுச் சான்றிதழ் பற்றிய நடுவர்களின் முடிவைக் கிளற மறுத்தது. நாஃபெட் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பு, 2020 பிப்ரவரி 13 அன்று, விஜய் காரியா – பிரிஸ்மியன் வழக்கில் நீதிபதி நாரிமன் தலைமையிலான அமர்வு இன்னும் இறுக்கமாகப் பேசியது. அந்நியச் செலாவணி விதியை மீறுகிறது என்பதாலேயே ஒரு தீர்ப்பு அடிப்படைக் கொள்கைக்கு முரணாகிவிடாது, விதிமீறல் சரிசெய்யக் கூடியது என்றால் அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்றது.

அதுவும் மூவர் அமர்வு, நாஃபெட் வழக்கும் மூவர் அமர்வு. எடையில் ஒன்று மற்றதை மிஞ்சாது.

2022 மே 13 அன்று கோதுமை ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. அந்த அறிவிக்கை, அன்றைய தேதிக்குள் திறக்கப்பட்ட, ரத்து செய்ய முடியாத கடன் கடிதம் (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதம்) உள்ள சரக்குகளுக்கு விலக்கு அளித்தது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை வந்தது. கடன் கடிதம் திறப்பதற்குள் தடையில் சிக்கிய சரக்குக்கு லண்டனில் எதிர்த் தீர்ப்பு வாங்கிய ஏற்றுமதியாளரின் வழக்கறிஞர் இன்று நாஃபெட் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நுழைவார். எதிரில் நிற்பவர் விஜய் காரியாவையும் 48-ஆம் பிரிவின் விளக்கத்தையும் வைத்திருப்பார். நான் நீதிபதியாக இருந்தால் இருவரிடமும் முதலில் கேட்பது, ஒப்பந்தம் கையெழுத்தான தேதி என்ன, தடை வந்த தேதி என்ன என்றுதான். தடை பின்னால் வந்தது என்றால் அந்த ஏற்றுமதியாளர் ரோலிம்பெக்ஸ் பக்கம் நிற்கிறார்; லண்டன் நடுவர்களிடமே தன் தடை ஷரத்தைக் காட்டி அவர் ஜெயித்திருக்க வேண்டும், பொதுக்கொள்கை வரை வந்திருக்கவே வேண்டாம்.